ஒரே மாதிரிக் கேட்கும் ஆங்கிலச் சொற்கள்: கருத்துத் தெரியும், காதில் பிடிபடவில்லை

பனங்கூடல் · திங்கள், இரவு 8.40

வணக்கம். கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். ஐ.ஈ.எல்.ரி.எஸ். என்ற ஆங்கிலத் திறன் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். வாசிப்பும் எழுத்தும் ஒரு மாதிரிச் சமாளிக்கிறேன். கேட்பதும் கதைப்பதும்தான் சரியான கஷ்டமாக இருக்கிறது.

போன கிழமை நான் விண்ணப்பித்திருந்த ஒரு வேலைக்காகக் கொழும்பில் இருந்து அழைப்பு வந்தது. எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார்கள். யாழ்ப்பாணத்தில் வசிக்கிறேன் என்றுதான் சொல்ல நினைத்தேன். வசிப்பதைச் சொல்லும் 'லிவிங்' என் வாயில் வரும்போது விட்டுப் போவதைச் சொல்லும் 'லீவிங்' ஆகிவிட்டது. உடனே அவர், எப்போது புறப்படுகிறீர்கள், திரும்பி வருவீர்களா என்று கேட்கத் தொடங்கிவிட்டார். அதை விளங்கப்படுத்துவதற்குள் எனக்குப் பதற்றம் வந்து, மற்றக் கேள்விகளுக்கும் வடிவாகப் பதில் சொல்ல முடியவில்லை.

பிறகு ஒரு மாதிரிப் பரீட்சை. அறை இலக்கம் 13 என்று சொன்னதை 30 என்று எழுதினேன். ஒலிப்பதிவு ஒரு தடவைதான் ஓடும், திருப்பிக் கேட்க வழியில்லை.

ஒரு கொப்பியில் இப்படிக் குழப்புகிற சொற்களை 60 சோடி எழுதி வைத்திருக்கிறேன். கருத்தெல்லாம் பாடம். எழுத்தில் காட்டினால் உடனே சொல்லிவிடுவேன். காதுக்கு வந்தால் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது. இதைத் தாண்டி வந்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

கொடிகாமத்தான் · திங்கள், இரவு 9.05

தங்கச்சி, இதற்கு இவ்வளவு கவலைப்படத் தேவையில்லை. வசனத்தை வைத்து ஆக்கள் விளங்கிக்கொள்வார்கள். ஸ்கொட்லாந்தில் ஒரு மாதிரிக் கதைக்கிறார்கள், ஜமேக்காவில் இன்னொரு மாதிரி. நாங்கள் எங்கள் மாதிரிக் கதைப்போம். வெள்ளைக்காரனைப் போல நாக்கைச் சுழற்றிக் கதைக்க வேண்டும் என்பது எனக்கு உடன்பாடில்லை.

பனங்கூடல் · திங்கள், இரவு 9.12

அண்ணை, நாக்கைச் சுழற்ற எனக்கும் விருப்பம் இல்லை. ஆனால் 13ஆ 30ஆ என்பது வசனத்தை வைத்து விளங்காதே. மருந்தின் அளவு, பஸ் வெளிக்கிடும் நேரம், வீட்டு இலக்கம் எல்லாம் அப்படித்தானே.

ஓய்வாசிரியை · திங்கள், இரவு 10.20

பிள்ளை, வடமராட்சியில் 31 வருடம் ஆங்கிலம் படிப்பித்து ஓய்வுபெற்றவள் நான். உங்கள் பிரச்சினை காதில் இல்லை. பிறந்ததில் இருந்து தமிழ் ஒலிகளைப் பிரித்துப் பிரித்துப் பழகிய காது அது. தமிழில் கருத்தை மாற்றாத வேறுபாடுகளை அது கணக்கில் எடுக்காமல் விடுகிறது. பழக்கினால் எடுக்கும்.

முதலில் 13, 30. நாங்கள் முதற்பகுதியை அழுத்திச் சொல்லி, கடைசிப் பகுதியை விழுங்குகிறோம். ஆங்கிலத்தில் 30க்கு அழுத்தம் முன்னால், கடைசி 'ரி' குறுகி மெலிந்து போகும். 13க்கு அழுத்தம் பின்னால், 'ரீன்' நீண்டு நிற்கும். 14, 40 தொடங்கி 19, 90 வரைக்கும் இதே கணக்குத்தான். ஒன்றைக் கவனியுங்கள்: 13 புத்தகங்கள் என்று பின்னால் ஒரு பெயர் வந்தால் 13இன் அழுத்தமும் முன்னுக்கு ஓடிவிடும். அந்த இடத்தில் அழுத்தத்தை நம்பாதீர்கள், கடைசியில் னகர மெய் கேட்கிறதா என்று பாருங்கள்.

அடுத்தது லிவ், லீவ். இதைக் குறில் நெடில் என்று சொல்லித்தான் நானும் பல வருடம் படிப்பித்தேன். அது பாதி உண்மைதான் என்று பிறகுதான் எனக்கே விளங்கியது. கண்ணாடி முன்னால் நின்று சொல்லிப் பாருங்கள். லீவ் என்னும்போது உதட்டோரம் இரண்டும் இழுபட வேண்டும், நாக்கு மேலே இறுகி நிற்கும். லிவ் என்னும்போது உதடு தளர்ந்து சும்மா கிடக்க வேண்டும். அந்த ஒலி எங்கள் இகரம் அல்ல. இகரத்துக்கும் எகரத்துக்கும் இடையில், இகரத்தை ஒட்டினாற்போல் இருக்கிறது. நாங்கள் எங்கள் இகரத்தைப் போட்டால் அவர்கள் காதுக்கு அது அவசரமாகச் சொன்ன லீவ் மாதிரித்தான் இருக்கும். கொழும்பில் இருந்து கதைத்தவருக்கு நடந்தது அதுதான்.

நல்லூரடி · செவ்வாய், காலை 6.55

ரீச்சர் சொன்னதை வாசித்தவுடன் எனக்கு நடந்தது நினைவுக்கு வந்தது. கோயிலுக்குக் கிட்ட ஒரு விருந்தினர் விடுதியில் வேலை செய்கிறேன். திருவிழா நேரம் தங்க வந்த ஒரு வெளிநாட்டு அம்மா, கோயிலைக் காட்டி அங்கே நடந்து போகலாமா என்று கேட்டார். நடப்பதைச் சொல்லும் 'வோக்' எனக்கு வேலை செய்வதைச் சொல்லும் 'வேர்க்' ஆகக் கேட்டது. அங்கே வேலைக்கு ஆட்கள் இருக்கிறார்கள், உங்களை எடுக்க மாட்டார்கள் என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பினேன். கோயிலுக்குள் தன்னை விட மாட்டார்கள் என்று அவர் விளங்கிக்கொண்டாராம். மூன்று நாள் போகாமலே இருந்துவிட்டு, தேருக்கு முதல் நாள்தான் முதலாளி அம்மாவிடம் கேட்டிருக்கிறார். ஐந்து நிமிட நடை. இப்போது நினைத்தாலும் மனதுக்குக் கஷ்டமாக இருக்கும்.

செம்மண் · செவ்வாய், காலை 11.30

நல்ல இழை. மொழியியலில் ஈடுபாடு உள்ளவன் என்ற முறையில் சிலவற்றைச் சொல்கிறேன்.

யாழ்ப்பாணத்தாருக்குக் கையில் ஒரு முதல் இருக்கிறது. வெற்றி, நெற்றி, காற்று என்று சொல்லிப் பாருங்கள். தமிழ்நாட்டில் பலர் அந்த ற்றவை உருட்டி 'ற்ர' ஆக்குவார்கள். எங்களிடம் அது உருளாமல், நாக்கு நுனி மேற்பல்லுக்குப் பின்னால் உள்ள முரசில் (பல் ஈறு) தட்டி நிற்கிறது. ஆங்கிலத்து ரீ (T) எழுத்தின் இடமும் அந்த முரசுதான். அதனால்தான் அவர்கள் டிக்கெட், பேட்டரி, டார்ச் என்று எழுத, எங்கள் பெரியவர்கள் ரிக்கற், பற்றறி, ரோச் என்று எழுதினார்கள். பலர் இதைப் பிழையான எழுத்து என்று நினைக்கிறார்கள். காது சொன்னதைத்தான் அவர்கள் எழுதினார்கள். ஆகவே நாக்கை வளைத்து டகரம் போடாமல், காற்றின் ற்ற இடத்தில் வையுங்கள்.

இனி எல்லோரும் தடக்குப்படும் இடம்: வீ எழுத்தும் டபிள்யூ எழுத்தும். உள்ளே போடும் பெனியனும் மேற்குத் திசையும் தமிழில் எழுதினால் இரண்டும் 'வெஸ்ட்'. மிருக வைத்தியரும் ஈரமும் இரண்டும் 'வெட்'. மேற்பல் கீழுதட்டில் பொருந்த வகரம் பிறக்கும் என்று நன்னூல் சொல்கிறது. அது அப்படியே ஆங்கில வீ எழுத்துக்குச் சொன்ன இலக்கணம். அன்றாடப் பேச்சில் நாங்கள் பல்லை உதட்டில் படவிடாமல் மேலால் தடவிக்கொண்டு போய்விடுகிறோம், அதுதான் இரண்டுக்கும் நடுவில் கிடந்து குழப்புகிறது. வீ வந்தால் நன்னூல் சொன்னபடி பல்லை வையுங்கள், உதடு அதிர வேண்டும். டபிள்யூ வந்தால் பல்லுக்கு வேலையே இல்லை. 'ஊ' என்று குவித்து, அங்கிருந்து விடுங்கள்.

'வைன்' என்று இரண்டு சொல் உண்டு. ஒன்று முந்திரிகைக் கொடி, மற்றது அந்தப் பழத்தில் வடிக்கும் மது. கொடி பல்லில், மது உதட்டில். இப்படி வைத்துக்கொண்டால் மறக்காது.

வல்லைக்காற்று · செவ்வாய், மாலை 6.15

ஸ்காபுரோவில் இருந்து எழுதுகிறேன். இங்கே வந்த புதிதில் நான் பட்டது வேறு பாடு. ஊரில் ரியூசனில், தக்காளிச் சோஸும் மூலம் என்ற கருத்துள்ள 'சோர்ஸ்' என்ற சொல்லும் உச்சரிப்பில் ஒன்று என்று படித்தோம். பிரித்தானிய முறையில் அது சரி, அங்கே உயிரொலிக்குப் பின்னால் வரும் ரகரத்தை விட்டுவிடுவார்கள். கனடாவில் ரகரம் வடிவாகக் கேட்கும். மூலத்தைச் சொல்ல வாய் திறந்த நான் சோஸைச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இங்கே இன்னொன்று: கட்டிலைச் சொல்லும் 'கொட்', பிடித்தேன் என்று சொல்லும் 'கோட்' இரண்டையும் கனடாக்காரர் ஒரே மாதிரித்தான் சொல்கிறார்கள். ஊரில் பிரித்துப் படித்ததை இங்கே யாரும் பிரிப்பதில்லை. ஒரே உச்சரிப்புச் சொற்கள் என்று கொப்பியில் எழுதும்போது எந்த நாட்டில் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். ஐ.ஈ.எல்.ரி.எஸ். கேட்டல் பகுதியில் பல நாட்டு உச்சரிப்பும் வரும்.

ரீச்சர் சொன்ன 30க்கு ஒரு சின்னச் சேர்க்கை. இங்கே 30இன் நடுவில் உள்ள ரீ எழுத்து மெலிந்து 'தேர்டி' மாதிரி ஓடும். 13இல் அது மெலியாது. எனக்குக் கைகொடுத்தது இந்த அடையாளம்தான்.

கொடிகாமத்தான் · செவ்வாய், இரவு 7.40

எல்லாம் சரி. ஆனால் கொஞ்சம் பொறுங்கள். 1823இல் வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிசனரிமார் செமினறி தொடங்கிய காலத்தில் இருந்து எங்கள் ஆக்கள் ஆங்கிலம் படிக்கிறார்கள். சி. வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்து, 1857இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளில் ஒருவரானார். அவர்கள் யாரும் கண்ணாடியைப் பார்த்து உதட்டை இழுத்தார்களா? அறிவுக்குத்தானே மதிப்பு? ஊரில் ஒரு பிள்ளை ஆங்கிலம் கதைக்க வாய் திறந்தவுடன் நாலு பேர் உச்சரிப்பைத் திருத்தப் பாய்கிறார்கள். அந்தப் பிள்ளை அதோடு வாயை மூடிவிடுகிறது. என் மகளுக்கு அப்படி நடந்தது. பிழையாகச் சொன்னாலும் கதைக்கட்டும் என்றுதான் நான் சொல்கிறேன்.

ஓய்வாசிரியை · செவ்வாய், இரவு 9.00

தம்பி, உங்கள் மகளைப் பற்றிச் சொன்னது என்னைத் தைக்கிறது. நானும் வகுப்பில் பிள்ளைகளை இடைமறித்துத் திருத்தியிருக்கிறேன். அது கூடாது. கதைத்து முடிய விட்டு, பிறகு தனியாகக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும்.

ஆனால் எங்கள் சாயலில் கதைப்பது வேறு, ஒரு சொல் இன்னொரு சொல்லாக மாறிவிடுவது வேறு. சாயலுக்குப் புள்ளி குறைப்பதில்லை. ஐ.ஈ.எல்.ரி.எஸ். பேச்சுப் பகுதியில் நாலு விடயத்துக்குப் புள்ளி, நாலும் சம பங்கு: தடங்கலில்லாமல் கோவையாகக் கதைப்பது, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. உச்சரிப்பில் அவர்கள் பார்ப்பது கேட்பவருக்கு விளங்குகிறதா என்பதைத்தான்.

பனங்கூடல் பிள்ளை, இப்போது ஒரு பயிற்சி. கொப்பியில் ஒரு ஒற்றையைக் கிழித்து, நீளப்பாட்டுக்குப் பாதியாக வெட்டுங்கள். மேல் நுனியை இரண்டு விரலால் பிடித்து, வாய்க்கு முன்னால் நாலு விரற்கடை தள்ளித் தொங்கவிடுங்கள். இப்போது பூங்காவைச் சொல்லும் 'பார்க்' சொல்லுங்கள். ஒற்றை வெளியே தள்ளுப்பட வேண்டும். அடுத்தது நாய் குரைப்பதைச் சொல்லும் 'பார்க்'. ஒற்றை அசையக் கூடாது, தொண்டையில் விரலை வைத்தால் அதிர்வு தெரிய வேண்டும். தமிழில் சொல்லின் முதலில் வரும் பகரத்துக்கு இந்த மூச்சு இல்லை. பழம், பனை, பால் சொல்லிப் பாருங்கள், ஒற்றை கிடந்த இடத்தில் கிடக்கும். அதே பகரத்தோடு நாங்கள் பூங்காவைச் சொன்னால், ஆங்கிலக் காது மூச்சைத் தேடி, கிடைக்காமல் குரைப்பது என்று எடுத்துவிடும். ககரத்துக்கும் ரீ எழுத்துக்கும் இதே சோதனைதான்.

முதல் நாள் ஒற்றை அசையாது. மூன்றாம் நாள் அசையும். என் வகுப்பில் பின்வாங்கில் இருந்த பெடியள்தான் இதில் முதலில் வெல்வார்கள்.

பனங்கூடல் · செவ்வாய், இரவு 9.45

செய்து பார்த்தேன் ரீச்சர். ஒற்றை அசைந்தது! அம்மாவும் வந்து செய்து பார்த்தா. நன்றி.

எழுத்து வேறு, உச்சரிப்பு ஒன்று என்ற சொற்களுக்கு என்ன செய்வது? காகிதாதிகளும் அசையாமல் நிற்பதும் இரண்டும் 'ஸ்ரேஷனரி'. கேட்டல் பகுதியில் எழுத்துப் பிழைத்தாலும் புள்ளி இல்லை என்கிறார்கள்.

ஓய்வாசிரியை · செவ்வாய், இரவு 10.30

ஓம், எழுத்துப் பிழைத்தால் விடையும் பிழைதான். இந்த இனத்துக்குக் காது உதவாது, கருத்தைப் பிடித்துத்தான் எழுத வேண்டும். காகிதாதிகளுக்கு கடைசிக்குக் கிட்ட ஈ எழுத்து, என்வலப்பின் முதல் எழுத்து அது. நிற்பதற்கு ஏ எழுத்து. இரண்டும் ஒரே வேரில் வந்தவைதான். முந்திய காலத்தில் அங்கே ஊர் ஊராகச் சுற்றி விற்றவர்கள் ஒரு பக்கம், ஒரே இடத்தில் கடை போட்டு நின்றவர்கள் ஒரு பக்கம். நின்று விற்றவரைக் குறித்த பெயரில் இருந்துதான் கடதாசிச் சாமானுக்குப் பெயர் வந்தது.

ஆலோசனையும் ஆலோசனை சொல்வதும் வேறு இனம். பெயர்ச்சொல்லுக்குச் சீ எழுத்து, 'அட்வைஸ்' என்று சகரத்தில் முடியும். வினைச்சொல்லுக்கு எஸ் எழுத்து, ஆனால் ஒலி தேனீ இரைவது போல அதிரும். பிரித்தானிய எழுத்தில் பயிற்சி, பயில்வது என்ற 'பிராக்ரிஸ்' சோடிக்கும் இப்படித்தான் சீயும் எஸ்ஸும் மாறும், ஆனால் அங்கே ஒலி மாறாது. ஆலோசனைச் சோடியை மனதில் வைத்துக்கொண்டு மற்றதை எழுதுங்கள்.

அந்த இரைச்சல் ஒலி தமிழில் இல்லை. வரவில்லை என்றால் அதற்கு முன்னால் உள்ள உயிரொலியை நீட்டுங்கள். விலையைச் சொல்லும் 'பிரைஸ்' சட்டென்று முடியும், பரிசைச் சொல்லும் 'பிரைஸ்' நீளும். இழப்பதும் தளர்வாக இருப்பதும் இரண்டும் 'லூஸ்': தளர்வுக்கு இரண்டு ஓ, சகரத்தில் முடியும். இழப்பதற்கு ஒரு ஓ, இரைந்து முடியும். எழுத்தில் ஓ குறைந்தது ஒலியில் நீளும், இதில்தான் எல்லோரும் மாறி எழுதுகிறார்கள்.

நல்லூரடி · புதன், காலை 7.10

எனக்கு ஒரு கேள்வி. ஒரே மாதிரிச் சொல்லப் போகிறார்கள் என்றால் ஏன் வேறு வேறாக எழுதினார்கள்? இரவும் குதிரைவீரனும் இரண்டும் 'நைட்'. வீரனுக்கு முன்னால் ஒரு கே எழுத்துச் சும்மா நிற்கிறது.

செம்மண் · புதன், பகல் 12.20

அது முன்பு சும்மா நிற்கவில்லை. கே எழுத்தையும் நடுவில் உள்ள ஜீ, எச் இரண்டையும் ஒரு காலத்தில் வாய்விட்டுச் சொன்னார்கள். காக்ஸ்டன் 1476இல் இங்கிலாந்துக்கு அச்சுக்கூடத்தைக் கொண்டுவந்தார். அச்சு எழுத்தை மெல்ல மெல்ல உறைய வைத்தது, வாய் தன்பாட்டில் மாறிக்கொண்டு போனது. இறைச்சியும் சந்திப்பதும் இன்றைக்கு ஒரே 'மீட்', அன்று அவற்றின் உயிரொலி வேறு வேறு.

எங்கள் சந்தையிலேயே இது நடக்கிறது. வாழைக்குலையும் வாளைமீனும் யாழ்ப்பாணப் பேச்சில் ஒன்றாகத்தான் கேட்கும், ழகரம் எங்கள் வாயில் ளகரமாகிவிட்டது. எழுத்தில் மட்டும் பிரித்து வைத்திருக்கிறோம். பள்ளிக்கூடத்தில் மயங்கொலிச் சொற்கள் என்று பாடமாக்கினோமே, அதேதான்.

இன்னொரு ஒலி விடுபட்டுப் போயிற்று. கெட்டதைச் சொல்லும் 'பாட்'டுக்கும் படுக்கையைச் சொல்லும் 'பெட்'டுக்கும் உள்ள வேறுபாடு, ஓர் ஆளைச் சொல்லும் 'மான்'னுக்கும் பல ஆட்களைச் சொல்லும் 'மென்'னுக்கும் உள்ள வேறுபாடு. நாங்கள் மின்விசிறியை 'பான்' என்கிறோம், தமிழ்நாட்டில் 'பேன்'. ஒரே ஒலியை அவர்கள் ஒரு பக்கத்தால் பிடிக்க, நாங்கள் மறுபக்கத்தால் பிடித்திருக்கிறோம். ஒலி நடுவில் இருக்கிறது. சிங்களம் தெரிந்தவர்களுக்கு அது ஏற்கெனவே வாயில் உண்டு: ஏன் என்று கேட்கும் சிங்களச் சொல்லின் முதல் ஒலி அதுதான், அதற்குத் தனி எழுத்தே அவர்களிடம் இருக்கிறது.

கொடிகாமத்தான் · புதன், இரவு 8.15

வாழையும் வாளையும் நல்லாய் விளங்கியது. மகளுக்கும் வாசித்துக் காட்டினேன். ஒற்றைப் பயிற்சியை அவள் கேட்டுச் செய்கிறாள். நான் ஒன்றும் சொல்லாமல் பக்கத்தில் இருக்கிறேன்.

பனங்கூடல் · அடுத்த ஞாயிறு, மாலை 5.30

ஐந்து நாளாகச் செய்ததைச் சொல்கிறேன். போனில் ஆங்கிலக் குரல் தட்டச்சைத் திறந்து வைத்து, ஒவ்வொரு சோடியாகச் சொன்னேன். நான் நினைத்த சொல்லை அது எழுதினால் சரி. முதல் நாள் வசிப்பது 10 தடவைக்கு 2 தடவைதான் சரியாக விழுந்தது. இன்றைக்கு 8. பூங்கா எல்லாத் தடவையும் விழுகிறது. மேற்குத் திசைக்கு 'ஊ' வைத்துத் தொடங்கியது நன்றாக வேலை செய்கிறது. தனிச் சொல்லாகச் சொல்வதைவிட ஒரு சின்ன வசனத்தில் வைத்துச் சொல்லும்போது கொஞ்சம் சறுக்குகிறது.

60 சோடியையும் திருப்பி எழுதினேன். முன்பு கருத்தை மட்டும் எழுதியிருந்தேன். இப்போது பக்கத்தில் பல், உதடு, மூச்சு, நீளம், அழுத்தம் என்று ஒரு சொல் சேர்த்திருக்கிறேன். எழுத்து மட்டும் மாறுகிற 14 சோடியைக் கடைசிப் பக்கத்தில் தனியாகப் பிரித்துவிட்டேன். எழுதும்போது ஒன்று கண்ணில் பட்டது: கொப்பியும் கோப்பியும் நாங்கள் வேற்று மொழியில் இருந்து எடுத்ததுதான். ஆங்கிலத்தில் அவற்றின் நடுவில் உள்ள பீ, எவ் ஒலி வேறுபாடு எங்களுக்குக் கேட்காவிட்டாலும், குறில் நெடிலால் பிரித்து வைத்திருக்கிறோம்.

நல்லூரடி அண்ணாவின் நடையும் வேலையும்தான் இன்னும் வருகுதில்லை. போன் எனக்கு எப்போதும் வேலையைத்தான் எழுதுகிறது.

ஓய்வாசிரியை · அடுத்த ஞாயிறு, இரவு 7.00

நடப்பதற்கு நாடியைக் கீழே இறக்கி, உதட்டை வட்டமாக்குங்கள், 'ஓ' சொல்லி அப்படியே நிறுத்தி வைப்பது போல. எல் எழுத்து எழுத்தில்தான், வாயில் வரக் கூடாது. வேலைக்கு வட்டம் கூடாது. டபிள்யூவுக்குக் குவித்த உதட்டை உடனே விட்டுவிடுங்கள், நாடி அசையாது, நாக்கு நடுவில் சும்மா இருக்கும். நாடிக்குக் கீழே கையை வைத்துச் சொல்லுங்கள். நடக்கும்போது கை கீழே இறங்க வேண்டும்.

நாளைக்கு எத்தனை தடவை விழுந்தது என்று எழுதுங்கள் பிள்ளை.